புதிதாகச் செய்த எஞ்சினின் முதல் ஐம்பது கிலோமீற்றர்

கிளிநொச்சிப் பக்கத்தில் எஞ்சின் செய்து முடித்த வாகனம் ஏ9 வீதியில் ஏறினால் அதன் முதல் பயணம் முறிகண்டிப் பிள்ளையாரிடம்தான். தேங்காய் உடைத்து, இரண்டு சரை கச்சான் வாங்கிக்கொண்டு திரும்புவோம். நானும் அப்படித்தான் போனேன். என்னுடையது ஏஈ101 கொரோலா. உள்ளே 20 வால்வு 4ஏ-ஜிஈ எஞ்சின். காசு சேரச் சேர ஒவ்வொரு சாமானாக வாங்கி, பிளொக்கை லேத்துக்குக் கொடுத்துச் சிலிண்டர்களைப் போர் அடித்து (துளையைக் கடைந்து பெருப்பித்து), புது பிஸ்டனும் அதைச் சுற்றிப் பூட்டுகிற வளையமான றிங்கும் போட்டுச் செய்தது. வெளிக்கிட முதல் கராச் முற்றத்தில் அரை மணித்தியாலம் ஐடிலில் விட்டிருந்தோம். வந்தவன் போனவனெல்லாம் நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போனான். "பச்சை எஞ்சின் தம்பி, ஆயிரம் கிலோமீற்றருக்குப் பொத்திப் பொத்தி ஓட்டு" என்றார்கள் பெரியவர்கள். ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டினேன்.

மூன்றாம் மாதம் நீலப் புகை வந்தது. ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஓயில் குறைந்தது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், சிலிண்டர் சுவர் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி மினுங்கியது. விரல் வைத்தால் வழுக்கியது. உடைந்தது ஒன்றுமில்லை, தேய்ந்ததும் ஒன்றுமில்லை. றிங் அமரவேயில்லை, அவ்வளவுதான். திரும்பவும் ஹோன் (சிலிண்டர் சுவரைக் கல்லால் கீறி முரடாக்குவது), திரும்பவும் றிங், திரும்பவும் காஸ்கட்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு ஐந்து வருடமாகப் புதுக் கார் வரவில்லை. பழைய சிவிக், லான்சர், கொரோலா எஞ்சின்களை இறக்கிச் செய்கிற இளம் ஆட்கள் வன்னியில் கூடிவிட்டார்கள். எஞ்சின் கட்டுவதைப் பற்றி எல்லோரும் கதைக்கிறார்கள். கட்டிய பிறகு வரும் முதல் ஒரு மணித்தியாலத்தைப் பற்றிக் கதைக்கிறவர்கள் குறைவு. அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

றிங் எப்படி அமர்கிறது

புது றிங்கும் புதிதாக ஹோன் பண்ணிய சிலிண்டரும் பார்வைக்கு நன்றாகப் பொருந்தியிருக்கும். உண்மையில் ஆங்காங்கே மேடான இடங்களில் மட்டும்தான் ஒன்றையொன்று தொடுகின்றன. ஹோன் கல் சுவரில் குறுக்கும் மறுக்குமாக, ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் கீறல் போட்டிருக்கும். வெளிச்சத்தில் பார்த்தால் பன்பாய் பின்னியது போலத் தெரியும். கீறலின் பள்ளம் ஓயிலைப் பிடித்து வைக்கும். கீறலின் முனை அரம் மாதிரி றிங்கை உராய்ந்து தன் வடிவத்துக்குக் கொண்டுவரும். அந்த முனைகள் சீக்கிரமே மழுங்கிப்போகும். அதற்குள் றிங் அமர்ந்துவிட வேண்டும்.

றிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த வில்விசைதான் என்று நினைக்கிறவர்கள் பலர். அது சின்னப் பங்கு. பெற்றோல் எரியும்போது எழும் அழுத்தம் மேல் றிங்கின் முதுகுப் பக்கமாகப் பிஸ்டன் பள்ளத்துக்குள் நுழைந்து, றிங்கை வெளியே தள்ளுகிறது. அக்சிலேற்றரை மிதித்தால்தான் அந்த அழுத்தம் வரும். ஐடிலில் வராது. ஐந்தாம் கியரில் ஐம்பதில் உருளும்போதும் போதுமான அளவு வராது. அழுத்தமில்லாத றிங் ஓயிலை வழித்து எடுக்காமல் அதன் மேலேயே சறுக்கும். மிஞ்சிய ஓயில் சூட்டில் காய்ந்து பள்ளங்களை நிரப்பி, வார்னிஷ் பூசியது போல இறுகிவிடும். நான் தடவிப் பார்த்த வழுவழுப்பு அதுதான். அந்த நிலைக்கு வந்த பிறகு எவ்வளவு ஓட்டியும் றிங் அமராது.

அப்படியென்றால் பெரியவர்கள் சொன்னது பிழையா? அவர்கள் காலத்து எஞ்சினுக்கு அது சரி. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் சொட்டுக் கணக்கில்தான் கிடைத்தது. ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் மைனரும் கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, மண்ணெண்ணெயில் ஓடின. எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் சுவரைக் கழுவிக்கொண்டு அடியிலுள்ள ஓயில் தொட்டியான சம்புக்குள் இறங்கும், ஓயில் தண்ணியாகும். அந்த ஓயிலோடு மிதித்தால் பெயரிங் போய்விடும். அப்படிப்பட்ட எஞ்சின்களை வருடக்கணக்காக உயிரோடு வைத்திருந்த கைகள் அவை. "பொத்தி ஓட்டு" என்று அவர்கள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இன்று ஓயிலும் வேறு, ஹோன் பண்ணுகிற விதமும் வேறு, எரிகிற எண்ணெயும் வேறு.

ஆனால் மிதிப்பதென்றால் சிவப்புக் கோடு வரைக்கும் சுற்றுவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். றிங்குக்கு வேண்டியது பாரம், வேகம் அல்ல. மிதித்து விடுவது, மிதித்து விடுவது. முழு வேலையும் இதுதான்.

சாவி திருப்ப முதல்

எஞ்சின் கட்டியவரிடம் இரண்டு விடயம் கேளுங்கள். பிஸ்டன் வார்ப்பா, போர்ஜ் பண்ணியதா (அழுத்தி அடித்துச் செய்ததா)? போர்ஜ் பிஸ்டன் சூட்டில் கூடுதலாக விரிவதால் சுவருக்கும் அதற்கும் இடையில் கூடுதல் இடைவெளி விட்டிருப்பார்கள். குளிரில் டக் டக் என்று தட்டும், சூடானதும் நின்றுவிடும். அந்தத் தட்டலுக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் அது நிற்கும்வரை மிதிக்கவும் வேண்டாம். அடுத்தது, வால்வுகளைத் திறக்கிற தண்டான கேம் எந்த வகை? பழைய மொரிஸ் மாதிரித் தள்ளுகோல் வைத்த எஞ்சின் என்றால், ஸ்டார்ட் ஆன உடனேயே 2,000க்கும் 2,500 ஆர்பிஎம்முக்கும் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றுகிற தடவை) இடையில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கேமும் டப்பெட்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். 4ஏ-ஜிஈ மாதிரி மேலே இரட்டைக் கேம் வைத்த எஞ்சினுக்கு அவ்வளவு கட்டாயம் இல்லை. ஆனாலும் பூட்டும்போது கேமுக்கு அதற்கான பசை பூசியிருக்க வேண்டும்.

ஓயில் மினரல் ஓயிலாக இருக்கட்டும். எங்கள் வெயிலுக்கு 15டபிள்யூ-40 பொருந்தும். விலை கூடிய சிந்தெற்றிக் ஓயிலை முதலே ஊற்றி எஞ்சினுக்கு நல்லது செய்வதாக நினைக்கிறார்கள். அது உராய்வைக் குறைக்கிற ஓயில், றிங் அமர உராய்வு வேண்டும். கடையில் விற்கிற சேர்மருந்துப் போத்தல் எதுவும் வேண்டாம்.

ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள். உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள். அந்த வெள்ளைப் படிவு ஹெட்டின் தண்ணீர் வழிகளிலும் படியும். பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணீரும் கூலண்டும் கலந்து விடுங்கள். மூடியைத் திறந்து வைத்து ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். புது எஞ்சினில் காற்று சிக்கினால் மீற்றர் ஊசி அசையாது, ஆனால் ஹெட் கொதிக்கும்.

20 வால்வு எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கும் காற்று இழுக்க நான்கு தனி வாய். அந்தக் குழல்களைத் திறந்து விட்டு ஓட்டினால் சத்தம் அழகுதான், எனக்கும் தெரியும். வன்னியில் அப்படி ஓட்டாதீர்கள். ஒரு டிப்பர் உங்களுக்கு முன்னால் கிரவல் ஒழுங்கைக்குள்ளிருந்து ஏறினால் போதும். அந்தச் செம்மண் தூள் நேரே சிலிண்டருக்குள் போகும். சுவர் இன்னும் முரடாக இருக்கிற இந்த நாட்களில் அது அரைக்கிற மாவு மாதிரி வேலை செய்யும். காற்று பில்டர் பெட்டி பூட்டாமல் முற்றத்தை விட்டு இறங்க வேண்டாம்.

இனி ஓயிலை மேலே ஏற்ற வேண்டும். இதை அவசரப்பட்டுத் தவிர்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். இன்ஜெக்டர் வயர்களையும் இக்னிஷன் வயரையும் கழற்றி வையுங்கள், பெற்றோல் போய்ச் சுவரைக் கழுவக்கூடாது. ஓயில் பில்டருக்குள் முடிந்த அளவு ஓயில் ஊற்றிப் பூட்டுங்கள். பிறகு ஸ்டார்ட்டரைப் பத்துப் பன்னிரண்டு செக்கன் சுற்றி, ஒரு நிமிடம் ஆறவிட்டு, திரும்பவும் சுற்றுங்கள். பிளக் இல்லாததால் முதலில் இலேசாகச் சுழலும். ஓயில் பம்ப் பிடித்ததும் அந்தச் சத்தம் கொஞ்சம் கனக்கும், காது பழகினால் தெரியும். ஓயில் விளக்கு அணையும், அல்லது மீற்றர் எழும்பும். மேலே ஓயில் மூடியைத் திறந்து எட்டிப் பாருங்கள், கேம் நனைந்திருக்க வேண்டும். இதையெல்லாம் கண்ணால் காணாமல் பிளக்கைத் திரும்பப் பூட்டாதீர்கள். ஐந்தாறு தரம் சுற்றியும் அழுத்தம் வரவில்லையென்றால் பம்ப் வறண்டிருக்கிறது. கழற்றி, வசிலின் நிரப்பிப் பூட்ட வேண்டும். ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம் என்று மட்டும் துணியாதீர்கள்.

முதல் ஸ்டார்ட்

தீயணைக்கிற சிலிண்டர் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். ஒருவர் ஆசனத்தில், ஒருவர் பொனெட் பக்கம் நிற்கட்டும். இக்னிஷன் நேரம் முன்கூட்டியே சரிபார்த்திருக்க வேண்டும். ஸ்டார்ட்டரை நீட்டி நீட்டி அடித்துத்தான் எழும்புகிறது என்றால் பெற்றோல் சுவரைக் கழுவிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எழும்பியதும் சில செக்கனுக்குள் ஓயில் அழுத்தம் வர வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள், யோசிக்க வேண்டாம். வந்தால் ஐடிலுக்கு விடாமல் 1,500க்கும் 2,000க்கும் இடையில் ஏற்றி இறக்கிப் பிடியுங்கள். ஒழுக்கு உண்டா என்று பாருங்கள். தெர்மோஸ்டாட் திறந்து கீழ் ஹோஸ் சூடாகி, காற்றாடி ஒருமுறை சுற்றி நின்றதும் நிறுத்திவிடுங்கள். புது எக்ஸோஸ்டிலிருந்து பெயின்ற் எரிகிற மணமும், பூட்டும்போது தடவிய ஓயிலின் புகையும் கொஞ்ச நேரம் வரும், அது பரவாயில்லை.

ஆறவிட்டுத் தண்ணீர் மட்டத்தையும் ஓயில் மட்டத்தையும் பாருங்கள். அன்றைக்கு அயலாருக்கு ஸ்டார்ட் பண்ணிக் காட்ட வேண்டாம். ஒவ்வொரு ஐடிலும் அந்தக் கீறலின் முனையிலிருந்து கொஞ்சம் எடுக்கும். முறிகண்டிக்குப் போகலாம், போக வேண்டும். ஆனால் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு உள்ளே போய் நிற்காதீர்கள்.

வீதியில்

விடியற்காலை ஐந்தரை, ஆறு மணிக்கு வெளிக்கிடுங்கள். காற்று குளிர்ந்திருக்கும், வீதி வெறிச்சோடியிருக்கும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35 நல்லது. பூநகரி, முழங்காவில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஏ32 இருக்கிறது. ஏ9 நேராக இருந்தாலும் நெடுந்தூர பஸ்ஸும் லொறியும் இடைவிடாமல் வரும், வேகத்தை ஏற்றி இறக்க விடமாட்டார்கள். விடிகிற நேரத்தில் மாடுகள் தாரின் சூட்டுக்கு நடுவீதியில் படுத்திருக்கும். பெரும்போக அறுவடை நேரமென்றால் வீதியில் பாதி நெல் காயும். உழைத்தவர்களின் நெல்லின் மேல் ரயர் ஏற்றாதீர்கள், அன்றைக்கு வேறு வீதியைப் பாருங்கள். பக்கத்து ஆசனத்தில் ஒருவர் இருந்து ஓயில், தண்ணீர் மீற்றர்களை மட்டும் பார்க்கட்டும்.

முதல் ஐந்தாறு கிலோமீற்றர் சாதாரணமாக ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள். தண்ணீர் 80 பாகையைத் தாண்டட்டும். ஓயில் சூடாக இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுங்கள்.

பிறகு மூன்றாம் கியருக்கு வாருங்கள். ஆர்பிஎம் ஊசி 2,000இல் இருக்கும்போது அக்சிலேற்றரைப் பாதி அளவு மிதித்து 3,500 தாண்டும்வரை இழுங்கள். என் காரில் அது ஏறத்தாழ 70 கிலோமீற்றர் வேகம், எங்கள் நாட்டுச் சட்ட எல்லையும் அதுதான். அங்கே காலை முழுதாக எடுங்கள். கிளச் மிதிக்க வேண்டாம், பிறேக்கும் வேண்டாம். கியரிலேயே 2,000க்கு இறங்க விடுங்கள்.

கால் எடுக்கிற இந்தப் பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். த்ரொட்டில் மூடி எஞ்சின் சுழலும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகும். அது கீழேயிருந்து ஓயிலை றிங் பக்கம் இழுத்துச் சூட்டை ஆற்றி, உராய்ந்து வந்த தூளையும் கழுவிக் கீழே கொண்டுபோகும். பின்னால் கொஞ்சம் புகை தெரியலாம், அது அந்த ஓயில்தான். மிதித்த அளவு நேரமாவது விட வேண்டும்.

இப்படிப் பத்துத் தரம். இடையில் ஒரு நிமிடம் சும்மா ஓட்டி ஆறவிடுங்கள். அடுத்த பத்தில் முக்கால் மிதி. கடைசி ஐந்தாறில் இரண்டாம் கியருக்கு இறங்கி, 2,500இலிருந்து 5,000 வரை நன்றாக மிதித்து இழுங்கள். இரண்டாம் கியரில் 5,000 என்றாலும் என் கார் எழுபதைத் தாண்டாது. இந்த எஞ்சின் தன் 160 குதிரை வலுவைக் காட்டுவது 7,400 ஆர்பிஎம்மில். அங்கே போக இன்னும் நாள் இருக்கிறது.

ஊரைக் கடக்கும்போது, பள்ளிக்கூடப் பக்கத்தில், ரயில் கடவைக்குக் கிட்ட இந்த வேலை வேண்டாம். சில கடவைகளில் காவலாள் இல்லை. தண்ணீர் ஊசி ஏறினாலோ, ஓயில் அழுத்தம் 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்ற கணக்குக்குக் கீழே விழுந்தாலோ ஓரமாக நிறுத்துங்கள்.

டேர்போ எஞ்சின் என்றால் இந்தக் கட்டத்தில் பூஸ்டை (டேர்போ தள்ளுகிற காற்றழுத்தத்தை) கூட்ட வேண்டாம், அதைக் கட்டுப்படுத்துகிற வேஸ்ட்கேட் வில்லுக்குரிய குறைந்த பூஸ்டோடு நிறுத்துங்கள். டேர்போவுக்குப் போகிற ஓயில் குழாயையும் ஸ்டார்ட்டுக்கு முன் நிரப்பியிருக்க வேண்டும்.

இன்னொன்று. ஈசியூ (எஞ்சினின் கணினி) மாற்றியவர்கள் பலர் "கொழும்புக்குக் கொண்டுபோய் டியூன் பண்ணுவோம், போகிற வழியில் றன்னிங்கும் (புது எஞ்சினைப் பழக்குகிற ஓட்டமும்) முடிந்துவிடும்" என்கிறார்கள். அந்த முந்நூறு சொச்சம் கிலோமீற்றரை ஒரே கியரில், ஒரே வேகத்தில்தான் ஓட்டுவீர்கள். புது றிங்குக்கு அதைவிடக் கெட்டது ஐடில் மட்டும்தான். அதோடு டியூன் இல்லாத எஞ்சின் பெற்றோலை அதிகம் ஊற்றினால், மண்ணெண்ணெய்க் காலத்தில் நடந்ததே நடக்கும். அடிப்படை டியூன் ஒன்றாவது கிளிநொச்சியிலேயே ஏற்றிவிட்டு, றிங்கை இங்கேயே அமர்த்திவிட்டுப் போங்கள்.

பில்டரை வெட்டிப் பாருங்கள்

40, 50 கிலோமீற்றர் ஓடி வந்ததும் எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஓயிலை இறக்குங்கள். ஊற்றி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லையே, வீணாகிறதே என்று மனம் சொல்லும். அதற்குள் மிதப்பது உங்கள் றிங்கிலும் சுவரிலும் இருந்து வந்த இரும்புத் தூள். பெயரிங்கில் அது அரைபடக்கூடாது.

கழற்றிய ஓயில் பில்டரை வாளால் அறுக்காதீர்கள், அறுத்த தூள் உள்ளே விழுந்து உங்களையே ஏமாற்றும். தகரம் வெட்டுகிற கத்தியால் விளிம்பைச் சுற்றி வெட்டித் திறவுங்கள். உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எடுத்து, வைஸில் வைத்து ஓயிலைப் பிழியுங்கள். பிறகு வெள்ளைத் தாள் ஒன்றின் மேல் விரித்து வெயிலில் பிடியுங்கள். மடிப்புகளுக்குள் வெள்ளிச் சாந்து பூசியது போல மிக நுண்ணிய மினுக்கம் இருந்தால் அது றிங் அமர்ந்த தூள். காந்தத்தில் ஒட்டும். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தால் ஒன்றும் உறுத்தாது.

நகத்தில் தட்டுப்படுகிற சீவல் இருந்தால், அல்லது செம்பு நிறத் துணுக்கு இருந்தால் எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள். செம்பு நிறம் பெயரிங்கின் உள் படை. கடும் வலியான வேலைதான், ஆனால் சம்பைக் கழற்றிப் பெயரிங் மூடிகளைத் திறந்து பார்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில் கண்டால் பெயரிங்கோடு போகும். விட்டுவிட்டால் பெயரிங் தாங்குகிற தண்டான கிராங்கும் போகும்.

அதற்குப் பிறகு

திரும்பவும் மினரல் ஓயில், புது பில்டர். 500 கிலோமீற்றர் வரை கடைக்குப் போவது, வேலைக்குப் போவது என்று சாதாரண ஓட்டம் போதும். மூன்று விடயம் மட்டும் வேண்டாம்: ஒரே வேகத்தில் நெடுந்தூரம், பெரிய கியரில் 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுக்க வைப்பது, நீண்ட ஐடில். புது கிளச்சும் இந்த ஓட்டத்தில்தான் பழகும். 500இல் ஓயில் மாற்றி, பில்டரை மறுபடி வெட்டுங்கள். மினுக்கம் முதல் தடவையைவிடத் தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும்.

ஆயிரம் அளவில் எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த ஒரு காலையில் வால்வு இடைவெளியைப் பாருங்கள். புது வால்வும் சீற்றும் அமரும்போது இடைவெளி குறையும். ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்குவது காஸ்கட்டையும் போல்ட்டையும் பொறுத்தது. கட்டியவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். நீண்டு இறுகும் வகைப் போல்ட்டைத் தொடக்கூடாது.

1,500 கிலோமீற்றரில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அமுக்கம்) பாருங்கள். எஞ்சின் சூடாக, நான்கு பிளக்கும் கழற்றி, அக்சிலேற்றர் முழுதாக மிதித்து, பற்றரி நிறைந்து இருக்க வேண்டும். நான்கு சிலிண்டரின் அளவும் 10 சதவீதத்துக்குள் ஒன்றுக்கொன்று கிட்ட இருக்கட்டும். ஒன்று குறைந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி ஓயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் குறை றிங்கில், ஏறாவிட்டால் வால்வில். எஞ்சின் ஓடும்போது ஓயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளக்கூடாது. ஓயில் கோல் காட்டுகிற மட்டம் 500க்கும் 1,500 கிலோமீற்றருக்கும் இடையில் அசையாமல் நின்றிருந்தால் றிங் அமர்ந்துவிட்டது.

அப்போது மினரலை இறக்கிவிட்டு சிந்தெற்றிக் ஊற்றுங்கள். 20 வால்வு எஞ்சின் மூடியின் நிறத்தைப் பொறுத்து இரண்டு வகை: வெள்ளிமூடியின் அமுக்க விகிதம் 10.5, கருப்புமூடிக்கு 11. தாங்கியில் 95 ஒக்டேன் இருக்கட்டும். ஓயில் நன்றாகச் சூடான பிறகு, இரண்டாம் கியரில் ஒரு தரம் 7,000 வரை விட்டுப் பாருங்கள். எழுபதுக்கு மேல் போகிற வேகம் அது, ஆகவே பொது வீதியில் வேண்டாம். ஓட அனுமதி பெற்ற மூடிய இடமாக இருக்கட்டும்.